சம தூரம்

டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் போனதால்தான், ஏழு வருடங்களுக்குப் பிறகு தில்ஷாத், தர்காவில் பாபாவின் சமாதியான கபுர் இருக்கும் உள்ளறைக்குள் கால் வைத்தாள். வெல்டரோடு வரவேண்டிய கையாள் வரவில்லை. கபுரைக் கவனித்துக்கொள்ளும் காதிம்கள் மூன்று பேரும் பகல் தொழுகைக்குப் போயிருந்தார்கள். மேனேஜர் இத்ரீஸ் சாஹேபுக்கு முழங்கால் வலி. குனிந்தால் நிமிர்த்திவிட இன்னொருவர் வேண்டும். வாசலின் குறுக்கே கட்டியிருந்த பச்சைக் கயிற்றுக்குப் பக்கத்தில், எப்போதும்போல ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தில்ஷாதை அவர் கூப்பிட்டார். "தில்ஷாத் பீ, இப்படி வந்து இதோட நுனியைக் கொஞ்சம் பிடிங்க." அவள் கயிற்றைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். "அட வாங்க. நாளைக்கு ஊரே வரப்போகுது, இன்னிக்கு நீங்க வந்தா என்ன குறைஞ்சு போகுது" என்றார்.

இந்த அறைக்குள் திரும்பப் போகிற நாளைப் பற்றித் தில்ஷாத் எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தாள். குளித்து, நல்ல துப்பட்டாவாக எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணில் சுர்மா இட்டுக்கொண்டு போவாள். உள்ளே போனதும் அழுதுவிடுவாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டின் வெங்காய வாடை விரல்களில் இருந்தது. பாபாவின் கபுர் அவள் நினைவில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. "துணி மேல வைக்காதீங்க, மார்பிள் விளிம்புல வைங்க" என்றார் சாஹேப். வைத்தாள். வெல்டர் மறுமுனையை இழுத்துக்கொண்டு பின்னால் போய்த் தரையில் சாக்பீஸால் கோடு போட்டான். ஏழு வருடங்களில் பாபாவின் பக்கத்தில் போன முதல் பெண்பிள்ளை அவள்தான். போனது அங்கிருந்து எட்டடி அளப்பதற்கு.

"எட்டடி எதுக்கு சாஹேப்?" என்று கேட்டாள்.

"சமத்துக்கு" என்றார் இத்ரீஸ் சாஹேப். அவருக்கு இதைச் சொல்வதில் ஒரு சந்தோஷம் இருந்தது. காலையிலிருந்து மூன்று பேரிடம் சொல்லிவிட்டார், நாலாவது ஆளாக இவள் கிடைத்தாள். "கோர்ட் என்ன சொல்லிச்சு? ஆம்பளை எதுவரைக்கும் போறானோ, பொம்பளையும் அதுவரைக்கும் போகலாம். அவ்வளவுதானே? நாங்க முடியாதுன்னு சொன்னோமா? நம்ம வக்கீல் எழுந்து நின்னு, தாராளமா வரட்டும்னுட்டார். இப்ப ஆம்பளையும் எட்டடி, பொம்பளையும் எட்டடி. எவரும் வாயைத் திறக்க முடியாது." ஏழு வருடங்களுக்கு முன்னால், பாபா மாதிரி பெரியவரின் கபுருக்குப் பக்கத்தில் பெண்கள் வருவது மரியாதை இல்லை என்று இதே தர்கா டிரஸ்ட் முடிவு செய்தபோதும் விளக்கம் சொன்னவர் இவர்தான். அப்போதும் இதே சந்தோஷம்.

சாயங்காலத்துக்குள் கபுரைச் சுற்றி நாலு பக்கமும் ஸ்டீல் குழாய் அடித்து முடித்துவிட்டார்கள். மூன்று வரிசைக் குழாய்; கடைசி வரிசைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. தலைமாட்டிலிருந்து ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள். இரண்டு வரிசையும் கால்மாட்டில் வந்து முடியும். அங்கே நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு குழாய்த் தடுப்பு. வாசலில் கட்டியிருந்த பச்சைக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஆபீஸ் அலமாரியில் போட்டார்கள். தில்ஷாதுக்கு ஒரு விசில் கொடுத்தார்கள். கம்பிக்கு உள்ளே யாராவது கை நீட்டினால் ஊத வேண்டும். ஊதாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை, இத்ரீஸ் சாஹேப் தானாகவே சொன்னார்: "ஊதற ஆள் நிறைய பேர் இருக்காங்க தில்ஷாத் பீ."

அவளுக்கு இந்த வேலை கிடைத்ததே பெண்களை நிறுத்தத்தான். புருஷன் துறைமுகத்தில் இறந்துபோன ஆறாவது மாதம் அது. பெண்கள் வரக்கூடாது என்று எழுதிப் போட்டாயிற்று, ஆனால் வருகிறவளை யார் தடுப்பது? ஆண்பிள்ளை கையால் தடுத்தால் தொட்டுவிட்டான் என்று வம்பு வரும். ஆகவே ஒரு பெண் வேண்டும், கொஞ்சம் தாட்டியாக, கொஞ்சம் வயதானவளாக. சிவ்ரி வட்டாரம் முழுக்கத் தேடினாலும் தில்ஷாதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்காது. "இதுக்கு மேல பொம்பளைங்க போகக் கூடாது. உங்க வீட்டு ஆம்பளைங்ககிட்ட குடுத்தனுப்புங்க." வியாழக்கிழமைகளில் இதை இருநூறு தடவை சொல்வாள். கெஞ்சுகிறவர்கள், திட்டுகிறவர்கள், சாபம் கொடுக்கிறவர்கள், வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுகிறவர்கள் என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஆண் துணை இல்லாமல் வருகிறவர்களின் பூவையும் ஊதுபத்தியையும் அவளே வாங்கிக் காதிமிடம் கொடுப்பாள். அதில் ஒரு பூவைக்கூட அவள் கீழே போட்டதில்லை. தன் பக்கத்து நியாயமாகத் தில்ஷாத் வைத்திருந்தது இது ஒன்றைத்தான்.

கைருன் விஷயத்தில் அந்த நியாயமும் செல்லவில்லை.

கைருனும் அவளும் ஒரே வரிசை வீடுகளில் அடுத்தடுத்து இருப்பவர்கள். நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மி அல்ஹம்துலில்லாஹ் சொன்னால் இந்தப் பக்கமிருந்து பதில் சொல்லலாம். கைருன் வீட்டிலிருந்தபடியே ஜீன்ஸ் கால்சட்டைகளில் தொங்கும் நூல்களை வெட்டிக் கொடுக்கிறவள். நாள் முழுக்கச் சின்னக் கத்தரியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவளுக்கு மூன்று குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. நாலாவது வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது தில்ஷாத்தான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பாபாவிடம் வந்தாள். அப்போது கம்பியும் இல்லை, கயிறும் இல்லை. கைருன் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு நேர்ந்துகொண்டாள்: பாபா, இதையாவது உயிரோடு கொடு, உன் பேருக்கு அதன் காலில் வெள்ளித் தண்டை போடுகிறேன், ஏழு வயது முடிந்ததும் என் கையாலேயே கழற்றி உன் காலடியில் வைக்கிறேன். பக்கத்தில் நின்று ஆமீன் சொன்னவள் தில்ஷாத்.

குழந்தை பிழைத்தது. மிஸ்பா என்று பெயர் வைத்தார்கள். நாற்பதாம் நாள் தண்டை போட்டார்கள். அவளுக்கு மூன்று வயதானபோது தர்காவில் பெண்களை நிறுத்தினார்கள். ஏழு முடிந்த வாரம், வியாழக்கிழமை சாயங்காலம், கைருன் புதுத் துணி உடுத்திப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கயிற்றுக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் கவலையே இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது அக்கா மாதிரி இருக்கிற நம் ஆபா அல்லவா, யாரும் பார்க்காத நேரமாக ஒரு நிமிடம் விட்டுவிடுவாள் என்று வந்திருந்தாள். தில்ஷாதும் விட்டிருப்பாள். ஆனால் அன்றைக்கு டிரஸ்டிகளில் இரண்டு பேர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்கள். அவள் வாயிலிருந்து வழக்கமான வாசகம்தான் வந்தது. "இதுக்கு மேல பொம்பளைங்க போகக் கூடாது. உங்க வீட்டு ஆம்பளைங்ககிட்ட குடுத்தனுப்புங்க." கைருன் சிரித்தாள், ஆபா அவர்களுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தாள். கயிற்றைத் தூக்கினாள். தில்ஷாத் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அன்றோடு பேச்சு நின்றது. மூன்று வருடம் ஆயிற்று.

கைருனின் புருஷன் முனாஃப் நல்ல மனுஷன், டெம்போ ஓட்டுகிறவன். "ரெண்டு நிமிஷ வேலை. நான் உள்ள கூட்டிட்டுப் போய் கழட்டி வச்சுட்டு வந்துடறேன்" என்று அவன் எத்தனையோ தடவை சொல்வதைத் தில்ஷாத் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறாள். பதிலும் எப்போதும் ஒன்றுதான். "வாக்குக் குடுத்தது நீங்களா?" தண்டை இறுகிக்கொண்டே வந்தது. தட்டானிடம் கொண்டுபோய், திருகைக் கழற்றாமல், காலில் இருந்தபடியே இரண்டு தடவை வெட்டி இடையில் துண்டு வைத்து ஒட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் காலுறைக்கு மேலாகத் துருத்திக்கொண்டு நின்றது. டீச்சர் கழற்றச் சொன்னாள். மற்ற பெண்கள் ஆடு என்று கூப்பிட்டார்கள். போன மழைக்காலத்தில் மிஸ்பாவுக்கு டைபாய்டு வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கைருன் பதினோரு நாளும் மகளின் கையைப் பிடிக்காமல், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். கடன் வாங்கிய பிள்ளை, கெடு தாண்டிவிட்டது, பாபா திருப்பிக் கேட்கிறார் என்று புலம்பினாளாம். முனாஃப் வந்து இதைத் தில்ஷாதிடம் சொன்னான். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால், தன் கையை வெட்டிப் போட்டாலும் தீராது என்று நினைத்தாள். ஆனால் வியாழக்கிழமை வந்ததும் போய்க் கயிற்றருகே உட்கார்ந்தாள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

கம்பி போட்ட அன்று, புதன்கிழமை சாயங்காலம், தில்ஷாத் வீடு திரும்பியபோது வரிசை முழுக்க நெய் வாசனை. நாளைக்குப் பெண்கள் உள்ளே போகலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கம்பி விஷயம் யாருக்கும் தெரியவில்லை. கைருன் வாசலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து, நெய்யும் வெல்லமும் சேர்த்து மலிதா பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மிஸ்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தண்டையைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்திருந்தது. தில்ஷாத் பூட்டைத் திறந்தாள், திரும்ப மூடினாள். சொல்லாமல் விட்டால் நாளைக்கு அத்தனை ஜனத்துக்கு நடுவில் கைருன் எட்டடி தள்ளி நின்று உடைந்துபோவாள். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். குழாயடியில் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்து, கைருன் கை கழுவ எழுந்து வந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

"கைருன்" என்றாள். மூன்று வருடத்தில் முதல் தடவை. "உள்ள கம்பி போட்டிருக்காங்க. பாபாவைச் சுத்தி, எட்டடி தள்ளி. ஆம்பளைக்கும் அப்படித்தான். கைக்கு எட்டாது. முன்னாலயே தெரிஞ்சுக்கோன்னுதான் சொல்றேன்."

கைருன் விரலிடுக்கில் ஒட்டியிருந்த வெல்லத்தை நிதானமாகக் கழுவினாள். பிறகு குழாயைப் பார்த்தே சொன்னாள்: "சில பேருக்கு நிறுத்துறதுதான் பொழப்பு. கயித்தை எடுத்துட்டா வாயால நிறுத்துவாங்க."

பக்கத்தில் வாளி வைத்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். தில்ஷாத் காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள். கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. இவ்வளவு வருடம் பொய்யான காரணங்களைச் சொல்லி நிறுத்தியபோது எல்லோரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் நம்ப ஒருத்தி இல்லை.

மறுநாள் மதியத்திலிருந்தே கூட்டம். சேற்றுக்கடலிலிருந்து அடித்த காற்றில் துப்பட்டாக்கள் பறக்க, வரிசை மீன் வலைகள் காயும் இடம்வரை நீண்டிருந்தது. டெலிவிஷன்காரர்கள் வாசலில் நாலு பெண்களைப் பேசவைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்த பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி முதலில் சிரித்தார்கள், பிறகு கம்பியைப் பார்த்தார்கள். சில பேருக்கு அதுவே போதுமாக இருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி துவா கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு கிழவி கம்பிக்கு முத்தம் கொடுத்தாள். இளம் பெண்கள் முணுமுணுத்தார்கள். தில்ஷாத் கால்மாட்டு மூலையில், கழுத்தில் விசிலோடு நின்றாள்.

ஆண்கள் பக்கம்தான் சத்தம் அதிகமாக இருந்தது. அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கப்பல் உடைக்கிற இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஹம்ஸா சாச்சா, நாற்பது வருடமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்து பாபாவின் போர்வையில் முகம் புதைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து போகிறவர், குழாய்த் தடுப்புக்கு மறுபக்கம் நின்று கம்பியை உலுக்கிப் பார்த்தார்.

"உங்களாலதான்" என்றார் பெண்கள் பக்கம் திரும்பி. "கேஸு போட்டீங்க இல்ல? இப்ப எல்லாருமா சேர்ந்து வெளிய நில்லுங்க. நானும் நிக்கிறேன்."

"ஏழு வருஷம் நாங்க வெளிய நின்னோமே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க சாச்சா?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

சாச்சா யோசித்தார். "உள்ள இருந்தேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு அழுகை வந்தது. தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

மாலை அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கைருன் உள்ளே வந்தாள். மகளின் கையை இறுகப் பிடித்திருந்தாள். வாசலைத் தாண்டியதும் நின்று, கம்பியைப் பார்த்தாள், பிறகு கம்பி எங்கே முடிகிறது என்று பார்த்தாள். நாலு பக்கமும் சுற்றியிருந்தது. பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். தள்ளுப்பட்டபடியே கால்மாட்டுக்கு வந்து, தில்ஷாதுக்கு முன்னால் நின்றாள். தில்ஷாதுக்குத் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது. குனியவில்லை.

"இப்பவும் நீங்கதான் நிக்கிறீங்க" என்றாள் கைருன்.

"நான்தான்."

கைருன் மகளைத் தரையில் உட்காரவைத்தாள். செருப்பும் காலுறையும் இல்லாத அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தண்டையின் திருகைத் திருப்பினாள். அது அசையவில்லை. பத்து வருடத்து அழுக்கும் வியர்வையும் இறுகிப் போயிருந்தது. விரலை மாற்றினாள், துப்பட்டா நுனியைச் சுற்றித் திருப்பிப் பார்த்தாள், பல்லால் கடித்தாள். மிஸ்பா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள், "அம்மீ, வலிக்குது" என்றாள். வரிசை தேங்கியது. பின்னாலிருந்து, என்ன அங்கே, நகருங்கள் என்று குரல்கள் வந்தன. வரிசை நின்றால் நகர்த்திவிடுவதும் தில்ஷாதின் வேலைதான்.

அவள் சுவர் மாடத்துக்குப் போனாள். அங்கே எரிந்துகொண்டிருந்த விளக்கில் விரலைத் தோய்த்து எண்ணெயை உள்ளங்கையில் வழித்து எடுத்துக்கொண்டு வந்து, கைருனுக்கு எதிரே மண்டியிட்டாள்.

"விடுங்க" என்றாள் கைருன். "நான்தான் கழட்டணும்."

"நீதான் கழட்டு. நான் காலைப் பிடிச்சுக்கிறேன்."

கைருன் ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். தில்ஷாத் எண்ணெயை அவள் விரல்களில் தடவிவிட்டு, மீதியைத் திருகின் மேல் வழியவிட்டாள். இரண்டு கையாலும் குழந்தையின் குதிகாலைத் தாங்கிப் பிடித்தாள். சூடாக, கொஞ்சம் அழுக்காக, ஓடி விளையாடுகிற பெண்ணின் கால். இந்தக் காலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இதே கையால் இவள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறாள். கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை இல்லை. திருகு மூன்றாவது முயற்சியில் சின்னதாக ஒரு சத்தம் போட்டு அசைந்தது. கைருன் தண்டையை விரித்து வெளியே எடுத்தாள். கணுக்காலில் அந்த இடம் மட்டும் வெளுத்து, மடிந்த துணிபோலக் கோடு விழுந்திருந்தது. மிஸ்பா அதைச் சொறிந்தாள். உடனே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஹா, எவ்வளவு சுகமா இருக்கு" என்றாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹம்ஸா சாச்சாகூடச் சிரித்தார்.

கம்பிக்கு உள்ளே காதிம்களில் ஒருவரான யூனுஸ் நின்றிருந்தார். எல்லோருடைய பூவையும் வாங்கி வாங்கிக் கபுரின் மேல் போட்டுக்கொண்டிருந்தவர், கையை நீட்டினார். "குடுங்க மகளே, நான் வச்சுடறேன்."

கைருன் தண்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "என் கையாலன்னு சொல்லியிருக்கேன்."

"எல்லாருமே என் கையிலதான் குடுக்கறாங்க. ஆம்பளைங்களும் சேர்த்து."

"அவங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க."

அவள் கம்பிக்கு அப்பால் இருந்த தரையைப் பார்த்தாள். மழமழவென்ற வெள்ளை மார்பிள்; மத்தியானம்தான் துடைத்திருந்தார்கள். எறியலாம், ஆனால் பாபாவை நோக்கி எதையாவது எறிவதா? அதை அவளும் செய்ய மாட்டாள், பார்த்துக்கொண்டு நிற்கிற யாரும் விட மாட்டார்கள். தில்ஷாத் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தாள். கைருன் தண்டையின் வாயை மூடித் திருகைப் போட்டாள். துப்பட்டாவால் எண்ணெயைத் துடைத்தாள். தரையோடு தரையாகக் குனிந்து, கடைசிக் குழாய்க்கு அடியில் கையை முழங்கைவரை நீட்டித் தண்டையைச் செங்குத்தாக நிறுத்தினாள்.

கை கம்பிக்கு உள்ளே இருந்தது. தில்ஷாத் எழுந்து நின்றாள், விசில் உதட்டுக்கு வந்துவிட்டது. பழக்கம்தான். வாசலிலிருந்து இத்ரீஸ் சாஹேப் "தில்ஷாத் பீ!" என்று கூப்பிட்டார். முழங்கால் வலியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரால் சீக்கிரம் வர முடியவில்லை. தில்ஷாத் பல்லிடுக்கில் விசிலைக் கடித்துக்கொண்டாள், ஊதவில்லை.

"பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் கைருன் தண்டையை உருட்டிவிட்டாள்.

இரண்டு இடத்தில் துண்டு வைத்து ஒட்டிய தண்டை. நேராக உருள அதற்குத் தெரியவில்லை. ஒட்டின இடம் வரும்போதெல்லாம் ஒரு துள்ளு துள்ளி, கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து, தன்னை நிமிர்த்திக்கொண்டு போயிற்று. பெண்கள் பக்கமும் ஆண்கள் பக்கமும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மார்பிளில் வெள்ளி உருளும் சத்தம் மட்டும் கேட்டது. யூனுஸ் குனிந்து தடுக்கப்போகிறார் என்று தில்ஷாத் பயந்தாள். அவர் ஒரு காலைத் தூக்கி வழிவிட்டார். பாதி தூரத்தில் வேகம் குறைந்தது. பிறகு, கபுரின் கால்மாட்டில் தரைவரைக்கும் தொங்கிக்கொண்டிருந்த பச்சைப் போர்வையின் ஓரத்தை நெருங்கி, அதன் சரிகைக் குஞ்சங்களுக்கு அடியில் நுழைந்து மறைந்தது. போர்வை ஒரு தடவை அசைந்து நின்றது. சத்தமும் நின்றது.

யாருக்கும் எதுவும் தெரியவில்லை. உள்ளே போய் மார்பிளில் மோதியதா, அல்லது மோதுவதற்கு ஒரு விரற்கடை முன்பே துணியில் சாய்ந்துவிட்டதா? கம்பிக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் ஒரே தூரத்தில் நின்றார்கள்.

"பட்டுச்சா?" என்று ஹம்ஸா சாச்சா தடுப்புக்கு மேலாக எட்டிக் கேட்டார். அவருக்கு இப்போது கோபம் எதுவும் நினைவில் இல்லை. "ஏம்மா, பாபா மேல பட்டுச்சா?"

யூனுஸ் போர்வையைத் தூக்கிப் பார்க்கக் கையைக் கொண்டுபோனார்.

"தொடாதீங்க!" என்றாள் கைருன். அவள் இன்னும் தரையில்தான் இருந்தாள். குழாய்க்கு அடியில் நீட்டிய கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி மேலே பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. "ஆபா" என்றாள். "நீங்க இருந்தீங்க இல்ல, நான் நேர்ந்துக்கிட்ட அன்னிக்கு. நீங்க பார்த்துச் சொல்லுங்க. பட்டுச்சா?"

இத்ரீஸ் சாஹேப் பக்கத்தில் வந்துவிட்டார். அவருடைய மூச்சு வாங்கும் சத்தம் தில்ஷாதின் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவள் திரும்பவில்லை. துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, கனத்த உடம்பை மெல்ல இறக்கிக் கைருனுக்குப் பக்கத்தில் படுத்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹம்ஸா சாச்சாவும் முனகிக்கொண்டே கீழே இறங்கிக்கொண்டிருந்தார். விசில் மார்பிளில் தட்டி உருண்டு நின்றது. தில்ஷாத் குளிர்ந்த தரையில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பச்சைப் போர்வைக்கு அடியில் இருந்த அந்தச் சின்ன இருட்டுக்குள் பார்த்தாள்.